அழைப்பும் அனுமதியும்: மலையகத்திற் புதிய சபை தொடங்குவோரின் ஆயத்தம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

சமய நிறுவனங்களின் வரலாறு பெரும்பாலும் அவற்றை நிறுவியோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒருவர் அழைப்பைப் பெற்றார், தயங்கினார், தம்மைத் தாமே ஆராய்ந்தார், பின்னர் துணிந்து புறப்பட்டார், சபை தோன்றிற்று. கிறிஸ்தவ சபைகளின் நூற்றாண்டு மலர்களும் போதகர்களின் வாழ்க்கை வரலாறுகளும் இவ்வொழுங்கிலேயே அமைந்துள்ளன. இவற்றில் 'ஆயத்தம்' எனும் சொல் முற்றிலும் அகநிலைப்பட்ட ஒன்றாகவே வழங்குகின்றது. செபம், வேத அறிவு, குடும்ப ஒழுக்கம், மனத்துணிவு ஆகியன ஒருவரிடத்து உளவாயின் அவர் ஆயத்தமாயுள்ளார், இலவாயின் இலர். இந்த அளவுகோல் பொய்யானதன்று, ஆனால் குறையானது. ஆயத்தம் என்பது தனிமனிதனின் உள்ளத்தில் மட்டும் நிகழும் ஒன்றா, அன்றி அவன் நிற்கும் நிலமும் உண்ணும் சோறும் அதனைத் தீர்மானிக்கின்றனவா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினாவாகும்.

இவ்வினா ஏட்டளவில் நின்றுவிடுவதொன்றன்று. கந்தப்பளை போன்ற தோட்டப்புற நகரங்களில் அண்மைப் பதிற்றாண்டுகளிற் பல புதிய சபைகள் தோன்றியுள்ளன. அவற்றைத் தொடங்குவோரிற் பலர் தொழிலாளர் குடும்பங்களிலிருந்து வந்த இளைஞர்கள். முற்போக்காளர் சிலர் இவர்களை மதிமயக்கத்திற்கு ஆளானோர் என ஒதுக்கிவிடுவர். மதம் பற்றி மார்க்ஸ் 1844இல் எழுதியவற்றுள் அபினி எனும் ஒரு சொல்லை மாத்திரம் நினைவிற்கொண்டு, துன்பத்தின் வெளிப்பாடாகவும் அத்துன்பத்திற்கு எதிரான குரலாகவும் அதே பந்தியில் அவர் மதத்தைக் கண்டதை மறந்துவிடுவதன் விளைவு இது. ஓர் இளைஞன் சபை தொடங்கத் துணிவது ஏன் என்பதையும், தொடங்கியபின் அவன் எவர் கைக்குட் செல்கின்றான் என்பதையும் ஆராய்வதே பயனுள்ளதாகும்.

1. நிலமும் நுழைவும்

கந்தப்பளை நுவரெலியாவுக்கு அண்மையில், ஏறத்தாழ ஆறாயிரம் அடி உயரத்தில் அமைந்த சிறு நகரம். கொன்கோடியா, பார்க், கோர்ட்லோட்ஜ் முதலிய தோட்டங்கள் அதனைச் சூழ்ந்துள்ளன. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலை வரை சென்ற ஒடுங்கிய புகையிரதப் பாதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வழியே அமைக்கப்பட்டது. 1940களில் அது கைவிடப்பட்டது. அயலிலுள்ள ஹெதர்செட் தோட்டத்தின் பழைய தேயிலைத் தொழிற்சாலை 1990களில் உல்லாசப் பயணிகளுக்கான விடுதியாக மாற்றப்பட்டது. பாதை வந்ததும் போனதும், தொழிற்சாலை விடுதியானதும் ஆகிய மாற்றங்கள் எவற்றிலும் அங்கு வாழ்ந்த மக்களின் விருப்பம் கேட்கப்படவில்லை. மலையகத்தில் எந்த நிறுவனத்தின் வரலாற்றை ஆராயப் புகுவோரும் முதலில் மனங்கொள்ளவேண்டிய உண்மை இது.

கிராமத்தில் ஒருவன் சபை தொடங்க எண்ணினால் தன் திண்ணையிலே தொடங்கலாம். தோட்டத்திலோ திண்ணையும் தோட்டத்திற்கே உரியது. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பிராவில் வாழ்ந்தோர் அதன் உடைமையாளராய் இருந்ததில்லை. வேலை போனால் வீடும் போயிற்று. வெளியார் தோட்டத்திற்குள் நுழைவதற்குத் துரையின் அனுமதி வேண்டியிருந்தது. 1921ஆம் ஆண்டு வரை நிலவிய துண்டு முறை, கடனைக் காட்டித் தொழிலாளி தோட்டத்தை விட்டு வெளியேறுவதையும் தடுத்தது. நுழைவு, வெளியேற்றம் ஆகிய இரண்டும் பிறர் கையிலிருந்த ஓர் இடத்திற் சபை தொடங்குவதற்கான ஆயத்தம் யாருடைய ஆயத்தம்?

இதனை ஓர் ஒப்பீட்டால் விளக்கலாம். 1920களில் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளரைச் சந்திப்பதற்காகப் புடைவை வியாபாரி போன்று தோட்டங்களுக்குட் சென்றார் என்று அவரது வரலாற்றை எழுதியோர் கூறுவர். அவருக்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே உபதேசியார்கள் வேத புத்தகத்துடன் முன்வாயிலால் நுழைந்திருந்தனர். இருவரும் ஒரே மக்களையே நாடிச் சென்றனர். ஒருவர் மாறுவேடம் பூணவேண்டியிருந்தது, மற்றவர் வரவேற்கப்பட்டார். இவ்வேறுபாட்டின் பொருளை உணர்வதற்கு 1854ஆம் ஆண்டுக்குச் செல்லவேண்டும்.

2. தமிழ்க் கூலி மிஷன்

கோப்பித் தோட்டங்கள் பெருகிய காலத்தில், 1854இல், தோட்டத் துரைமார் சிலரின் முயற்சியால் தமிழ்க் கூலி மிஷன் கண்டியை மையமாகக் கொண்டு தொடங்கப்பட்டது. திருச்சபை மிஷனரிச் சங்கம் மேற்பார்வைக்கு மிஷனரியை வழங்கிற்று. உபதேசியார்களின் செலவுக்குத் துரைமார் பணம் சேர்த்தனர். திருநெல்வேலியிற் பணியாற்றிய செப்டிமஸ் ஹொப்ஸ் பாதிரியார் 1855இல் மேற்பார்வையாளராக வந்தார். உபதேசியார்களும் திருநெல்வேலிச் சபைகளிலிருந்தே அழைத்து வரப்பட்டனர்.

இம்மிஷனின் பெயரே ஆராய்ச்சிக்குரியது. மொழியாலும் தொழிலாலும் சுட்டப்பட்ட மக்கள் கூட்டம் ஒன்றிற்கான மிஷன் இது. ஊராலோ குலத்தாலோ சுட்டப்படவில்லை. 'கூலி' எனும் உற்பத்தி உறவே சபையின் பெயராகிவிட்டது. துரைமாருட் பலர் உண்மையான பக்தியுடையோராய் இருந்திருக்கலாம். அதனை மறுக்கவேண்டிய தேவை இல்லை. ஆயினும் ஒழுக்கமும் நிதானமும் உள்ள தொழிலாளி தோட்டத்திற்கு இலாபமானவன் என்ற கணக்கும் பக்தியோடு ஒத்துச் சென்றது. பக்தியும் இலாபமும் ஒரே திசையிற் செல்லும்போது எது எதனை இழுக்கின்றது என்பது தெளிவாகத் தெரிவதில்லை. அவை பிரியும் வேளையிலேயே அது வெளிப்படும்.

அந்த உபதேசியாரின் நிலையை எண்ணிப் பார்ப்போம். வழக்கமான அளவுகோல்கள் அனைத்தின்படியும் அவர் ஆயத்தமானவர். வேத அறிவு உண்டு, தமிழ் தாய்மொழி, தன் ஊரை விட்டுக் கடல் கடந்து வரும் துணிவு உண்டு. குளிரிலும் மழையிலும் தோட்டந் தோட்டமாக நடந்தார். ஆனால் அவர் பேசச் சென்ற மக்களிற் பெரும்பான்மையோர் திருச்சி, மதுரை, சேலம், தஞ்சை, புதுக்கோட்டைப் பகுதிகளைச் சேர்ந்தோர். ஊரும் உறவுமுறையும் சாதிச் சூழலும் வேறு. அதற்கும் மேலாக, அவர் துரையின் பணத்தால் வாழ்பவர் என்பதைத் தொழிலாளர் அறிந்திருந்தனர். கங்காணி கடன் கணக்கிலே கொள்ளையிடுகின்றான் என்றோ, நாட்பேர் போடாமற் கூலி வெட்டப்படுகின்றது என்றோ ஒரு தொழிலாளி அவரிடம் முறையிட்டால் அவர் என்ன செய்யக்கூடும்? 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் வேலை ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளியைச் சிறையிலிட இடமளித்தது. அக்காலத்தில் முறைப்பாட்டைக் கேட்பதற்குரிய ஆயத்தம் உபதேசியாரின் உள்ளத்தில் இருந்திருப்பினும் அவரது பதவியில் இருக்கவில்லை.

பொருளியல் அடிப்படை மாறியபோது சபையின் வடிவமும் மாறியது. கோப்பிச் செய்கை பருவத்திற்குரியது; அறுவடை முடிந்ததும் தொழிலாளரிற் பெரும்பகுதியினர் ஊர் திரும்பினர். அச்சூழலிற் சுற்றித் திரியும் உபதேசியாரே பொருத்தமானவர். சபை ஒன்று வேர்கொள்ளும் முன்னரே சபையார் கலைந்துவிடுவர். 1869இற் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் வணிகமுறையிற் தொடங்கிய தேயிலைச் செய்கை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. பெண்களின் உழைப்பை நிரந்தரமாக வேண்டுவது. குடும்பங்கள் லயங்களில் நிலைகொண்டன. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை நடத்தும் நிலையான சபைகள் அதன் பின்னரே பெருமளவிற் சாத்தியமாயின. ஒருவரின் ஆயத்தத்தை மட்டும் வைத்துச் சபையின் தோற்றத்தை விளக்க முடியாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

3. பிரிந்து நிறுவியோர்

கூலி மிஷன் தோன்றிய அதே காலப்பகுதியில், உபதேசியார்களை அனுப்பிய திருநெல்வேலியில் வேறொரு நிகழ்ச்சி நடைபெற்றது. நாசரேத்தில் எஸ்.பி.ஜி. மிஷனின் உபதேசியாராயிருந்த சட்டாம்பிள்ளை அங்கிருந்த மிஷனரியுடன் ஏற்பட்ட பிணக்கிற் பதவியிழந்தார். நாடார் சமூகத்தவரைப் பற்றி கால்டுவெல் 1849இல் வெளியிட்ட நூல் அச்சமூகத்துக் கல்விமான்களிடையே கொதிப்பை ஏற்படுத்தியிருந்தது. 1857இற் சட்டாம்பிள்ளையும் அவரைச் சார்ந்தோரும் பிரிந்து பிரகாசபுரத்தில் இந்துக் கிறிஸ்தவ சபையை நிறுவினர். சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்டனர், புளிக்காத திராட்சரசத்தைப் பயன்படுத்தினர், தூபம் காட்டினர், ஐரோப்பியர் வழக்கங்களைக் களைந்தனர். ஐரோப்பிய மிஷனரி வேதத்திற்குரிய அதிகாரி அல்லன், வேதமே அதிகாரம் என்று வாதிட்டு, மிஷனரியை அவனது ஆயுதத்தாலேயே எதிர்கொண்டனர்.

கூலி மிஷன் உபதேசியாரிடம் இல்லாதது சட்டாம்பிள்ளையிடம் இருந்தது. அவரைப் பதவிநீக்க இனி எவராலும் இயலாது. அவரைச் சூழ்ந்தோர் பனையேறிகளாகவும் வணிகராகவும் கையிற் சிறிது பொருளும் நிலமும் காணத் தொடங்கியிருந்த ஒரு சமூகத்தினர். மிஷன் சம்பளமின்றிச் சபை நடத்தும் பொருளாதார வலு எழுந்துகொண்டிருந்தமையே அவரது துணிவிற்கு அடித்தளமாயிற்று. எனினும் அந்த வலுவே அதன் எல்லையுமாயிற்று. சுயமரியாதைக்கான போராட்டம் ஒரு சமூகத்தின் மரியாதைக்கான போராட்டமாக நின்றுவிட்டது. சாதியின் அடிவரிசையில் வைக்கப்பட்டோரை ஒரே பந்தியில் அமர்த்தும் சபையாக அது விரியவில்லை. சென்னையில் மருத்துவர் பழனி ஆண்டி 1886இல் தொடங்கிய தேசிய சபை இதற்கு மறுதலையான சான்று. அங்கு கல்வியும் தேசிய உணர்வும் இருந்தன. பின்னே அணிதிரளும் மக்கள் கூட்டம் இருக்கவில்லை. அது நிலைக்கவில்லை.

இக்காலத்தில் மேலைநாட்டு மிஷன் தலைவர்களும் சுதேச சபைகளின் ஆயத்தம் பற்றிச் சிந்தித்தனர். இங்கிலாந்தில் ஹென்றி வென், அமெரிக்காவில் ரூபஸ் அன்டர்சன் ஆகியோர் தன் செலவைத் தானே தாங்கல், தன்னைத் தானே ஆளல், தானே பரவுதல் ஆகிய மூன்றையும் சபையின் முதிர்ச்சிக்குரிய இலக்கணமாக வகுத்தனர். கொள்கையளவிற் சிறப்பான இவ்வகுப்பிலே நடைமுறையில் ஒரு சிக்கல் இருந்தது. ஆயத்தமா என்று தீர்ப்புக் கூறும் உரிமை வெளியாரிடமே இருந்தது. ஆளப்படுவோர் தம்மைத் தாமே ஆளத் தகுதியுடையோராகிவிட்டனரா என்று ஆள்வோரே பரீட்சை வைக்கும் முறை குடியேற்ற அரசியலிலும் காணப்பட்டதே. இரண்டும் ஒரே காலத்தின் சிந்தனைகள்.

இப்பரீட்சைக்குக் காத்திராமற் செயற்பட்டோரும் இருந்தனர். வே. ச. அசரியா 1902இல் யாழ்ப்பாணம் வந்தபோது, இங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர் தம் சொந்தப் பணத்தில் மிஷன் பணி நடத்துவதைக் கண்டார். அதன் தூண்டுதலால் 1903இற் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரிச் சங்கம் தோன்றியது. பிறரைப் போகச் சொல்லிக்கொண்டிருந்தவர் 1909இற் குருப்பட்டம் பெற்றுத் தாமே தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குச் சென்றார். 1912இல் அங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். புதிய மொழியைக் கற்றமை, ஒடுக்கப்பட்ட சாதியினரிடையே வாழ்ந்தமை, பணத்தைத் தம் மக்களிடமே திரட்டியமை ஆகிய மூன்றும் அவரது ஆயத்தத்தின் புறநிலைக் கூறுகள். வரலாறு இவற்றாலேயே அவரை அளவிடுகின்றது.

4. சம்பளத்தைத் துறந்தோர்

இலங்கையில் இப்பிரச்சினைக்கு முற்றிலும் வேறான ஒரு விடை 1920களில் எழுந்தது. கேரளத்திலிருந்து இளம்வயதிற் பிழைப்புத் தேடி இங்கு வந்த இராமன்குட்டி, கிறிஸ்தவராகிப் போல் எனும் பெயருடன் உபதேசியாராய்ப் பணியாற்றிப் பின்னர் அல்வின் டி அல்விஸ் என்பாருடன் சேர்ந்து இலங்கைப் பெந்தெகொஸ்தே மிஷனைத் தொடங்கினார். இதன் ஊழியர் மணம் செய்யார், சொத்து வைத்திரார், சம்பளம் பெறார், விசுவாச வீடுகளிற் கூட்டாக வாழ்வர், நோய்க்கு மருந்து கொள்ளார். இலங்கையில் உருவாகி இந்தியாவுக்கும் பிற நாடுகளுக்கும் பரவிய சபை இது. மிஷனரி அனுப்பும் நாடுகள், பெறும் நாடுகள் எனும் வழக்கமான வரைபடத்தைப் புலம்பெயர்ந்த ஒருவர் தலைகீழாக்கினார்.

எசமானின் சம்பளத்திலிருந்து விடுதலை பெறுவதற்கு உடைமையையே துறப்பது ஒரு வழி என்பதை இச்சபை காட்டிற்று. அதன் பலம் மறுக்கவியலாதது. ஆயினும் இரு வினாக்கள் எஞ்சுகின்றன. சம்பளத்திற்குக் கீழ்ப்படிதல் போய், மேலதிகாரியான ஊழியருக்குக் கீழ்ப்படிதல் வந்துசேர்கின்றதன்றோ? மருந்தை மறுக்கும் உரிமை துறவிக்கு உண்டெனினும், மருத்துவ வசதி எட்டாமையாற் குழந்தைகளைப் பறிகொடுத்த தோட்டத்து மக்களிடையே அதனையே விசுவாசத்தின் அளவாகப் போதிப்பது எத்தகையது? தன்னுயிரைப் பணயம் வைப்பதற்கான ஆயத்தம் பிறர் குழந்தையின் உயிரைப் பணயம் வைப்பதற்கான உரிமையாகாது.

'ஊழியம்' எனும் சொல்லின் வரலாற்றையும் இவ்விடத்திற் குறிப்பிடுதல் பொருந்தும். இன்று அது திருப்பணியைக் குறிக்கும் மதிப்பான சொல். ஒல்லாந்தர் கால இலங்கையிலும் திருவிதாங்கூரிலும் அது மக்களிடமிருந்து கூலியின்றிப் பெறப்பட்ட கட்டாய வேலையின் பெயராக இருந்தது. ஒடுக்குமுறையின் சொல்லை விருப்பத்துடன் செய்யும் பணியின் சொல்லாக மக்கள் மாற்றியமைத்தனர். ஆனால் பழைய பொருள் முற்றிலும் மறைந்துவிடவில்லை. எந்தச் சபையில் ஊழியக்காரன் கேள்வி கேட்க இயலாதவனாகின்றானோ அந்தச் சபையில் அது திரும்பி வருகின்றது.

5. இன்றைய நிலை

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. ஒரே சபையில் அருகருகே அமர்ந்தோரும் கூடலூருக்கும் கோத்தகிரிக்குமெனப் பிரிந்தனர். 1975இற் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் முகாமை மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் மலையக மக்களும் தாக்கப்பட்டனர். நாடற்ற நிலை சட்டத்தளவில் நீங்கியதும் 2003ஆம் ஆண்டிலேதான். இவ்வளவு பெயர்ப்புகளின் பின்னர், பெயர் சொல்லி அழைத்து, நோயில் வந்து கைவைத்துச் செபித்து, ஞாயிறுதோறும் ஒன்றுகூட்டும் சிறு சபையை மக்கள் நாடுவதில் வியப்பில்லை. தொழிற்சங்கமும் பழைய திருச்சபைகளும் விட்ட வெற்றிடத்திலேயே அது நிற்கின்றது.

அச்சபையைத் தொடங்குவோர் இன்னுமோர் எதிர்ப்பையும் சந்திக்கின்றனர். 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சமய சுதந்திரத்தை வழங்குகின்றது. பௌத்தத்திற்கு முதன்மை இடத்தையும் அளிக்கின்றது. 2004இல் மதமாற்றத்தைத் தடைசெய்யும் சட்டமூலம் கொண்டுவரப்பட்டது. அதன் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என உயர் நீதிமன்றம் கூறியது. 2008இல் மத அலுவல்களுக்குப் பொறுப்பான அமைச்சு, புதிய வழிபாட்டிடங்களை அமைக்க முன் அனுமதி வேண்டுமெனச் சுற்றறிக்கை வெளியிட்டது. 1854இல் துரையிடம் இருந்த திறப்பு இன்று கம்பனிக்கும் அமைச்சுக்குமிடையே பகிரப்பட்டுள்ளது. சிறுபான்மையுள் சிறுபான்மையினரான இம்மக்களின் வழிபாட்டுரிமையைப் பாதுகாத்தல், அவர்தம் நம்பிக்கையை ஏற்காத சனநாயகவாதிகளுக்கும் கடமையாகும்.

உரிமை ஒருபுறமிருக்க, தொடங்குவோர் தம்மை அளந்துகொள்ள வேண்டிய அளவுகோல் யாது? கோபுரம் கட்டுவோன் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிடவேண்டும் என்னும் உவமை லூக்காவின் சுவிசேஷத்திலே உண்டு. அக்கணக்கை நேரே போட்டுப் பார்க்கலாம். 2021இற் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. தசமபாகம் 100 ரூபா. பத்துக் குடும்பங்கள் ஒழுங்காகத் தசமபாகம் கொடுத்தாற் போதகரின் குடும்பம் ஒன்று அவர்களைப் போன்றே, அவர்களுக்கு மேலாகவன்றி, வாழலாம். வேலைநாள் குறைந்தால் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியாத அன்று போதகர் வீட்டிலும் எரியாது. இதனை ஏற்போர் தொழிலாளரின் சபையைத் தொடங்க ஆயத்தமானோர். இதற்கு மேலான வாழ்வை வேண்டுவோர் இரண்டிலொன்றைச் செய்தாகவேண்டும்: வறியோரிடம் மேலும் வாங்கவேண்டும், அல்லது வெளியிலுள்ள கொடையாளரிடம் கைநீட்டவேண்டும். பின்னதில், கொடையாளர் துரையின் இடத்தைப் பெறுவார். கூடாரம் தைத்துப் பிழைத்துக்கொண்டே போதித்த பவுல் அப்போஸ்தலர் இச்சிக்கலை நன்கு அறிந்திருந்தார் எனலாம்.

மேலே கண்ட வரலாற்றிலிருந்து வேறு வினாக்களும் பிறக்கின்றன. என்னைப் பதவிநீக்க வல்லவர் எவர்? எவராலும் முடியாதெனின், நான் தவறினால் என்னைத் திருத்துவோர் எவர்? என் சபையில் எந்தச் சாதியார் இல்லை. அவர்கள் வராமலிருப்பதற்குக் காரணம் யாது? கொழுந்தெடுக்கும் பெண்களே சபையில் மிகுதியாக இருப்பின் தீர்மானங்களில் அவர்களின் இடம் எது? கணக்குப் புத்தகம் எல்லோரும் படிக்கும்படி வைக்கப்படுமா? சம்பளப் போராட்டம் எழும் நாளில் என் சபையார் வேலைநிறுத்தத்தில் நிற்பின் நான் எங்கு நிற்பேன்? மாரியம்மன் திருவிழாவிற்கு வரி கொடாமையால் அயல் லயத்துடன் பகை மூண்டால், ஒரே பிரட்டுக் களத்தில் நாளை நிற்கவேண்டிய அம்மக்களின் ஒற்றுமைக்கு நான் என்ன விடை வைத்துள்ளேன்?

இறுதி வினா குறிப்பாக முக்கியமானது. தோட்டத்தில் மாரியம்மன் கோயிலும் காமன் கூத்தும் வெறும் வழிபாடுகளாக மட்டும் இருந்ததில்லை. தொழிலாளர் ஒரு சமூகமாகத் தம்மைக் காணும் களங்களாகவும் அவை இருந்தன. அச்சமூகத்தைப் பிளந்து பெறும் ஆத்தும அறுவடை நிருவாகத்திற்கே பயன்படும். இதற்கு மாறாக, சமய எல்லையைத் தாண்டி உழைப்போரை ஒன்றுசேர்க்க முயன்ற கிறிஸ்தவரும் நம் நாட்டில் உண்டு. இயேசு சபைத் துறவி போல் கஸ்பர்ஸ் 1972இற் கண்டியில் நிறுவிய சத்தியோதயம், பெருந்தோட்ட மக்களின் உரிமையையும் இன ஒற்றுமையையும் தன் பணியாக ஏற்றது. அது புதிய சபையன்று. எனினும் சபை ஒன்று செய்யக்கூடியதை அது செய்து காட்டியது.

ஆயத்தம் என்பது ஒருவர் தம் உள்ளத்தை நோக்கிக் கேட்கும் கேள்வியுடன் தொடங்கலாம். அத்துடன் முடிவடைய முடியாது. கூலி மிஷன் உபதேசியாருக்கு உள்ளம் இருந்தது, நிலம் இருக்கவில்லை. சட்டாம்பிள்ளைக்கு நிலம் கிடைத்தது. அது ஒரு சமூகத்தின் வேலியுடன் கிடைத்தது. பெந்தெகொஸ்தே ஊழியர் எல்லாவற்றையும் துறந்தனர், அதிகாரத்தைத் துறக்கவில்லை. இம்மூன்று குறைகளையும் அறிந்தபின் தொடங்குவோர் முன்னையோரினும் நல்ல நிலையில் உள்ளனர். தோட்டத்து இளைஞன் ஒருவனின் தகுதியை அளவிடும் உரிமை துரைக்கும் இல்லை, அமைச்சுக்கும் இல்லை, கடல்கடந்த கொடையாளருக்கும் இல்லை. பத்துப் பேர் கொடுக்கும் நூறு ரூபாவில் அவனுடன் சேர்ந்து வாழச் சம்மதிக்கும், கணக்குக் கேட்க அஞ்சாத அந்தப் பத்துக் குடும்பங்களுக்கே அவ்வுரிமை உண்டு.